பலர் கூடி எழுதிய இசைப் பதிவேடு

நூல் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் அதன் பெயரும் ஆக்கியோன் பெயரும் முகப்பிலேயே காணப்படும். ஏட்டைப் புரட்டினால், இன்ன பகுதி இன்ன பக்கத்தில் உள்ளது என்று பொருளடக்கம் எடுத்துரைக்கும். இசையைத் தாங்கி வரும் குறுந்தகடோ அத்தகையது அன்று. அதன் உறையில் பாடல்களின் பெயர்கள் அழகுற அச்சிடப்பட்டிருக்கும். கணினி படித்தறியும் உட்பதிவிலோ பெரும்பாலும் ஒரு பெயரும் இராது. ஆயினும், அத்தகட்டைக் கணினியில் இட்டுச் சில நொடிகள் கழிவதற்குள் பாடல்களின் பெயர்கள் திரையில் வரிசையாகத் தோன்றுகின்றன. தகட்டில் இல்லாத பெயர்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை எழுதி வைத்தவர் யாவர்?

குறுந்தகட்டின் அமைப்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனத்தார் கூடி 1980-ஆம் ஆண்டில் அதற்குரிய விதிகளை வகுத்தனர். 1982-ஆம் ஆண்டில் குறுந்தகடு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தகட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். ஒலியானது விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, எண்களாக அதில் பதிக்கப்படுகின்றது. தகட்டின் உள்விளிம்பை ஒட்டி ஒரு பொருளடக்கமும் உண்டு. பாடல்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில், எந்த விநாடியில், விநாடியின் 75 கூறுகளுள் எக்கூற்றில் தொடங்குகின்றது என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். பெயர்கள் மட்டும் இரா. பக்க எண்கள் மட்டுமே உடைய பொருளடக்கம் போன்றது அது. அக்காலத்து இசைக்கருவிகள் பாடலின் எண்ணையும் ஓடும் நேரத்தையும் காட்டினால் போதும் என்று கருதப்பட்டதே இதற்குக் காரணம். பெயர்களையும் தகட்டிலேயே பதிக்கும் முறை 1996-ஆம் ஆண்டில் வந்தது. எனினும் அதனை மேற்கொண்ட தகடுகள் சிலவே.

தகட்டைக் கணினியில் இட்டு இசை கேட்கும் வழக்கம் பரவிய பின்னரே இக்குறை பெரிதாகத் தோன்றிற்று. டி கான் என்னும் அமெரிக்க நிரலாளர், 1993-ஆம் ஆண்டில், யூனிக்ஸ் கணினிகளில் தகட்டை இயக்குதற்கு எக்ஸ்எம்சிடி என்னும் மென்பொருளை இயற்றி, யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். பயன்படுத்துவோர் பாடற்பெயர்களைத் தாமே எழுதிச் சேமித்துக்கொள்ள அதில் வழி இருந்தது. ஒருமுறை எழுதி வைத்தால், அதே தகட்டை மறுமுறை இடும்போது பெயர்கள் தாமாகத் தோன்றும். ஒருவர் எழுதியதை மற்றவரும் பெற்றால், ஒரே தகட்டின் பெயர்களை ஆயிரம் பேர் ஆயிரம் முறை எழுத வேண்டுவதில்லை அன்றோ? ஆகவே, பயன்படுத்துவோர் தாம் எழுதியவற்றை மின்னஞ்சல் வழியாக அனுப்பினர். அவை தொகுக்கப்பட்டன. பின்னர் ஸ்டீவ் ஷெர்ஃப் முதலியோரின் துணையால் அத்தொகுப்பு இணையத்தில் இடம் பெற்றது. சிடிடிபி என்பது அதன் பெயர்.

ஒரு தகட்டை மற்றொரு தகட்டினின்றும் கணினி எவ்வாறு பிரித்தறிகின்றது? அது இசையைக் கேட்டு அறிவதில்லை. பொருளடக்கத்திலுள்ள நேரங்களைக் கொண்டே அறிகின்றது. சான்றாக, மூன்று பாடல்களை உடைய தகடு ஒன்றைக் கொள்ளலாம். அப்பாடல்கள் முறையே 2, 245, 518 ஆகிய விநாடிகளில் தொடங்கி, இசை 800-ஆவது விநாடியில் முடிகின்றது என்க. இந்த எண்களின் இலக்கங்களைத் தனித்தனியே கூட்டினால், தொடக்கங்களுக்கு உரியவை 2, 11, 14 ஆகும்; அவற்றின் மொத்தம் 27. மொத்தம் மிகுந்தால் அதனை 255-ஆல் வகுத்து மீதியைக் கொள்வர். இங்கு 27 என்பதே நிற்கும். இசை ஓடும் நேரம் 798 விநாடி, பாடல்கள் 3. இம்மூன்று எண்களையும் 16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் ஒருங்கே எழுதினால், எட்டு இடங்களை உடைய அடையாள எண் ஒன்று கிடைக்கும். மென்பொருள் இவ்வெண்ணையும் பாடல்களின் தொடக்க இடங்களையும் பதிவேட்டுக்கு அனுப்பும்; பதிவேடு அவற்றுக்குரிய பெயர்களைத் திருப்பி அனுப்பும்.

வேறுபட்ட இரு தகடுகள் ஒரே எண்ணைப் பெறுதலும் உண்டு. அப்பொழுது மென்பொருள் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் காட்டும்; உறையை நோக்கி உரியதைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். பதிவேட்டில் தகடே இல்லையாயின், பெயர்களைத் தாமே எழுதி அனுப்புதல் முறை. இப்பணி எளிது போலத் தோன்றினும் கருத்தைச் செலுத்திச் செய்தற்குரியது. ஒருவர் செய்யும் எழுத்துப் பிழை, அதே தகட்டை வைத்திருக்கும் எல்லார் திரையிலும் தோன்றும். பேத்தோவன் இயற்றிய சிம்பொனி ஒன்றைப் பதிவு செய்வோர்க்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. கலைஞர் பெயருக்கென உள்ள இடம் ஒன்றே. இயற்றியவர், இசைக்குழு, அக்குழுவை நடத்தியவர் ஆகிய மூவகைப் பெயர்களும் அந்த ஓரிடத்துக்கே போட்டியிடும். எதை எழுதுவது என்பதில் ஒருவர் முறை மற்றொருவர் முறையோடு ஒவ்வாது போயிற்று.

இவ்வாறு முன்பின் அறியாத பலருடைய உழைப்பால் பதிவேடு வளர்ந்தது. அவர்கள் கூலி பெற்றவர் அல்லர். எனினும், நாள்தோறும் குவியும் வினாக்களுக்கு விடை தரும் கணினிகளை இயக்குதற்குப் பொருள் வேண்டியிருந்தது. 1998-ஆம் ஆண்டில் எசியண்ட் என்னும் நிறுவனம் பதிவேட்டை வாங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் அது கிரேஸ்நோட் என்னும் பெயரைப் பெற்றது. 2001-ஆம் ஆண்டில், உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டுமே அதன் கதவு திறக்கும் என்னும் நிலை வந்தது. ஊரார் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் வேலியிட்டதைப் போன்றது இது எனப் பெயர்களை எழுதி உதவியோர் பலர் வருந்தினர்.

வருந்தியவர்கள் வாளா இருந்துவிடவில்லை. முன்னர்த் திறந்திருந்த பதிவுகளைக் கொண்டு ஃப்ரீடிபி என்னும் புதிய பதிவேட்டைச் சிலர் தொடங்கினர். ராபர்ட் கே என்பவர் மியூசிக்பிரெயின்ஸ் என்னும் வேறொரு பதிவேட்டைத் தோற்றுவித்தார். 2004-ஆம் ஆண்டில் அதனைப் பேணுதற்கு மெட்டாபிரெயின்ஸ் என்னும், ஆதாயம் கருதாத அறநிறுவனம் அமைக்கப்பட்டது. இயற்றியவர், பாடியவர், இசைக்குழு என்பாரை அது தனித்தனியே குறிக்கின்றது. ஒருவர் செய்யும் திருத்தத்தை மற்றவர் ஆராய்ந்து வாக்களிக்க இடமளிக்கின்றது. பாடல், கலைஞர் பற்றிய அதன் அடிப்படைச் செய்திகள் எவருடைய உடைமையும் அல்ல என அறிவிக்கப்பட்டு, யாவரும் படியெடுத்துக்கொள்ளுமாறு வெளியிடப்படுகின்றன.

படியெடுக்கும் உரிமையின் பயன் பின்னர் விளங்கிற்று. ஃப்ரீடிபி 2020-ஆம் ஆண்டில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. எனினும் அதன் பதிவுகள் அழியவில்லை. எவரும் எடுத்துக்கொள்ளுமாறு அவை முன்னரே வெளியிடப்பட்டிருந்தமையால், வேறு சிலர் அவற்றைப் பேணி வழங்கலாயினர். ஒருவர் பூட்டிவிட்டால் மூடிக்கொள்ளும் களஞ்சியத்துக்கும், ஒருவர் விலகினும் நிலைத்து நிற்கும் களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இக்காலத்தில் தகட்டை இட்டு இசை கேட்போர் தொகை குறைந்துவிட்டது. எனினும், பழைய தகடுகளைப் பேணி வைத்திருப்போர்க்கு இம்முறை இன்றும் பயன்படுகின்றது. மியூசிக்பிரெயின்ஸ் பதிவேட்டின் துணைகொண்டு பெயர்களைத் தேடித் தரும் பிகார்ட் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்துவோர் திரையில் தோன்றும் பெயர்களை உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. பிழை காணின் திருத்துதலும், இல்லாததைச் சேர்த்தலும் அவர்தம் கடமையாகும். திரையில் தோன்றும் ஒவ்வொரு பெயரும், எங்கோ ஒருவர் தம் கையிலிருந்த தகட்டின் உறையைப் பார்த்து, பின்வருவோர்க்கு உதவுமாறு எழுதி வைத்தது. ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் ஓடும். வடத்தைப் பற்றும் உரிமை எல்லார்க்கும் இருந்தால் அது நிலையும் சேரும்.