வீடியோ கேமில் ஏவுகணை இலக்கை 'லாக்' செய்வது எப்படி?

இந்திய விமானப்படை 2019 ஜூலை 31-ம் தேதி வான்போர் மொபைல் கேம் ஒன்றை வெளியிட்டது. போர் விளையாட்டுகள் பலவற்றில், எதிரி விமானத்தைச் சுற்றித் தோன்றும் கட்டம் நிறம் மாறியதும் ஏவுகணையைச் செலுத்தலாம். இதுவே 'லாக்' எனப்படுகிறது.

இதற்கு மென்பொருள் பொதுவாக மூன்று நிபந்தனைகளைச் சரிபார்க்கிறது. இலக்கு குறிப்பிட்ட கோணத்துக்கும் தொலைவுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். இடையே மலையோ கட்டடமோ மறைக்கக் கூடாது. சில விநாடிகள் குறி விலகக் கூடாது. ஏவிய பின், ஏவுகணை ஒரு விநாடியில் எவ்வளவு திரும்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கடைசி நேரத்தில் சட்டெனத் திரும்பும் விமானம் தப்புவது இதனால்தான்.

கேமில் இலக்கின் இருப்பிடம் கணினிக்கு முன்பே தெரியும். உண்மையான ஏவுகணையோ அதனைத் தானே உணர வேண்டும். டிஆர்டிஓ உருவாக்கிய 'நாக்' டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, இலக்கின் வெப்ப உருவத்தை அகச்சிவப்பு உணரியால் பதிவு செய்து, ஏவப்படும் முன்பே 'லாக்' செய்கிறது. இது சுமார் 4 கி.மீ. வரை பாயக்கூடியது.

பாலைவனக் கோடையில் மணலும் டாங்கியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையை எட்டுவதால், தொடக்கக்காலச் சோதனைகளில் இலக்கைப் பிரித்தறிவது சவாலாக இருந்தது. உணரி மேம்படுத்தப்பட்ட பின், 2020 அக்டோபர் 22-ம் தேதி பொக்ரானில் நடைபெற்ற இறுதிக்கட்டச் சோதனையில் 'நாக்' வெற்றி பெற்றது.