மேற்கோளின் தடம் பிடித்து: பாரிட் சூலோங் முதல் பால்மரக்காடு வரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங்கிலிருந்து மூவாருக்குப் போகும் பழைய சாலையில் பாரிட் சூலோங் என்ற சிற்றூர் இருக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானியரிடம் மூவாரை இழந்த ஆஸ்திரேலியப் படையினரும் 45ஆவது இந்தியப் பிரிகேடில் மிஞ்சியவர்களும் யோங் பெங்கை எட்டிவிட வேண்டும் என்று இந்தச் சாலையில்தான் போராடி வந்தார்கள். பாரிட் சூலோங் பாலம் அதற்குள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. 22ஆம் தேதி, நடக்க முடிந்தவர்கள் காட்டுவழியே தப்பிப் போகும்படி தளபதி சார்ல்ஸ் ஆண்டர்சன் ஆணையிட்டார். நடக்க முடியாத காயக்காரர்கள் பாலத்தருகே விடப்பட்டார்கள். ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அங்கே கொல்லப்பட்டார்கள்.

இதைப் பற்றிப் பள்ளிக்கூடத் திட்டப்பணிக்கோ முதுகலை ஆய்வேட்டுக்கோ எழுத நினைக்கும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? தேடுபொறியில் ஊர்ப்பெயரைத் தட்டுவார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை. யார் முதலில் சொன்னார், எதை வைத்துச் சொன்னார், பிறகு யார் மறுத்தார் என்பது எதுவும் அந்தப் பட்டியலில் தெரியாது. சொல்லை வைத்துத் தேடினால் அந்தச் சொல் இருக்கும் பக்கங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். ஓர் ஆய்வுக்கும் மற்றோர் ஆய்வுக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டுமானால் மேற்கோளின் வழியே போக வேண்டும்.

அதற்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று பின்னோக்கியது: கையில் இருக்கும் நூலின் அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் எழுதப்பட்டவற்றுக்குப் போவது. இதற்கு நூல் மட்டும் போதும். மற்றது முன்னோக்கியது: இந்த நூல் வெளிவந்த பிறகு யார் யார் இதை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பது. நூலாசிரியருக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பின்னால் எழுதப்படப் போகிறவை அந்த நூலுக்குள் எப்படி இருக்கும்? இந்த இரண்டாம் திசைக்குத்தான் தரவுத்தளம் வேண்டும்.

அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர்கள் வழக்கறிஞர்கள். ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் ஏற்றனவா, மாற்றினவா, தள்ளினவா என்று தெரியாமல் அதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியாது. அதற்காக 1873இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் தீர்ப்புகளின் மேற்கோள் பட்டியலைத் தொகுக்கத் தொடங்கினார். அந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கவலை ஓடுகிறது: சர்ச்சைக்குள்ளான தகவலை, அது சர்ச்சைக்குள்ளானது என்றே அறியாமல் அடுத்தவர் எடுத்தாள்கிறார், அதைத் தடுக்க மேற்கோள் அட்டவணை வேண்டும். 1964இல் அவருடைய நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற அட்டவணையை அச்சில் கொண்டுவந்தது. இன்றைய ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ தரவுத்தளம் அதன் வாரிசு. 2004இல் ‘ஸ்கோப்பஸ்’, ‘கூகுள் ஸ்காலர்’ இரண்டும் வந்தன.

பாரிட் சூலோங்கை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். நல்ல தொடக்கம் லயனல் விக்மோர் எழுதிய ஆஸ்திரேலிய அதிகாரபூர்வ வரலாறான ‘தி ஜப்பனீஸ் திரஸ்ட்’. வெளிவந்த ஆண்டு 1957. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், விவரத்தின் அடியில் ‘சைட்டட் பை’ என்று ஓர் எண்ணோடு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் இந்த நூலைக் குறிப்பிட்ட பிற்கால எழுத்துகள் வரிசையாக வரும். அவை எல்லாம் நமக்கு வேண்டியதில்லை. சிங்கப்பூர் வீழ்ச்சி பற்றியவையும் சேர்ந்தே வரும். மேலே, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடுவதற்கு ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டுவிட்டு ‘பாரிட் சூலோங்’ என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இந்தச் சிறு கட்டத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. தேடலின் பாதி உழைப்பு அதில் மிச்சமாகும்.

இனி, இந்த முறையின் உண்மையான பயன் தெரியும் இடத்துக்கு வருவோம். பாரிட் சூலோங் கொலைக்காக ஜப்பானியப் படைத்தலைவர் தாகுமா நிஷிமுரா 1951இல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார். 1996இல் இயன் வார்ட் என்ற பத்திரிகையாளர் ‘ஸ்னேரிங் தி அதர் டைகர்’ என்ற நூலில், வழக்கில் ஆஸ்திரேலியத் தரப்பில் விசாரித்த ஜேம்ஸ் காட்வின் சாட்சியங்களை வளைத்தார் என்று எழுதினார். அதே ஆண்டு ஜேம்ஸ் மெக்கே என்பவர் காட்வினுடையவை என்று சொல்லப்பட்ட தாள்களை வைத்து வேறொரு நூலை வெளியிட்டார். ஜப்பானின் சாடோ தீவில் போர்க் கைதிகள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற கதை அதில் இருந்தது. 2004இல் லினெட் சில்வர் ‘தி பிரிட்ஜ் அட் பாரிட் சூலோங்’ என்ற நூலில் நடந்ததை மீண்டும் முழுதாக ஆராய்ந்தார். 2007இல் கிரெகரி ஹாட்லி, ஜேம்ஸ் ஓகில்தார்ப் இருவரும் ‘ஜர்னல் ஆஃப் மிலிட்டரி ஹிஸ்டரி’யில் எழுதிய கட்டுரை, சாடோ தீவில் அப்படியொரு படுகொலை நடக்கவே இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

அந்தக் கட்டுரையின் தலைப்பில் பாரிட் சூலோங் கிடையாது, நிஷிமுராவின் பெயரும் கிடையாது. ஊர்ப்பெயரை வைத்துத் தலைப்புகளைத் துழாவுகிறவர் கண்ணில் அது படவே படாது. மெக்கேயின் நூலை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்பவரோ ஒரே தாவலில் அங்கே போய்ச் சேர்வார். போனதும், வார்டின் நூலும் அதே காட்வினைப் பற்றியது என்பதால், அவருடைய வாதத்தை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று யோசிக்க முடியும். வார்டின் நூலை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது. கார்ஃபீல்ட் 1955இல் அஞ்சியது இதைத்தான்.

பல்கலைக்கழகங்களில் மேற்கோள் என்றாலே எண்ணிக்கை என்று ஆகிவிட்டது எனக்கு வருத்தமே. பதவி உயர்வு, தரவரிசை, மானியம் என்று எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆனால் நூறு பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதில் பாராட்டும் இருக்கலாம், கண்டனமும் இருக்கலாம், படிக்காமலே போட்டதும் இருக்கலாம். ஒரு பதிப்பகம் மாதிரிக்காகத் தந்த, இல்லாத இதழின் இல்லாத கட்டுரை ஒன்று கிட்டத்தட்ட 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதை 2017இல் ஆன்-வில் ஹார்சிங் எடுத்துக்காட்டினார். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூல்களின் பெயரைச் சொல்லும் இந்தக் காலத்தில் இது இன்னும் பெரிய ஆபத்து. யார் மேற்கோள் காட்டினார், எந்தப் பக்கத்தில், எதற்காக என்று திறந்து பார்த்தால்தான் தடம் பிடித்ததாகும்.

தமிழுக்கு இது புதிய வேலை அன்று. நச்சினார்க்கினியர் தம் உரைகளில் பிற நூல்களின் அடிகளைப் பெயர் சொல்லாமலே எடுத்துக்காட்டிக்கொண்டு போவார். 1887இல் அவர் உரையோடு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அந்த அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடினார். மயிலை சீனி. வேங்கடசாமி இன்னும் ஒருபடி போனார்: நூலே அழிந்துபோய், உரையாசிரியர்களின் மேற்கோளில் மட்டும் உயிரோடு இருப்பவற்றைத் தேடித் தொகுத்து ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று தந்தார். வளையாபதியிலிருந்து நமக்கு எஞ்சியிருக்கும் பாடல்களே அடுத்தவர் எடுத்தாண்டதால் பிழைத்தவை. கணினி இல்லாமல் அவர்கள் செய்த உழைப்பை நினைத்தால், ஓர் இணைப்பை அழுத்த நாம் சோம்பக் கூடாது.

யோங் பெங் வட்டாரத்துத் தமிழர்களுக்குப் போரைவிட நெருக்கமானது தோட்டம். பால்மரம் சீவிய தலைமுறையின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு மூன்று நூல்கள் வேர்கள் மாதிரி: கெர்னியல் சிங் சந்துவின் ‘இந்தியன்ஸ் இன் மலாயா’ (1969), சின்னப்பா அரசரத்தினத்தின் ‘இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்’ (1970), ரவீந்திர கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்ட ஆய்வு. ஜெயின் தாம் தங்கி ஆராய்ந்த தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் வைத்தார். அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு இந்த நூல் வராது. சந்துவைப் பிடித்து முன்னோக்கிப் போகிறவர் ஜெயினைக் காண்பார். ஜெயினைப் பிடித்தவர், 1980இல் வந்த மைக்கேல் ஸ்டென்சனின் நூல், 1994இல் வந்த பி. ராமசாமியின் நூல் என்று தொழிற்சங்க வரலாற்றுக்குள் இறங்குவார். சந்துவையும் ஜெயினையும் சேர்த்தே மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எவை என்று பார்ப்பது இன்னும் கூர்மையான வழி. இரண்டு நூல்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகச் சுட்டப்பட்டால் அவற்றுக்குள் உறவு உண்டு என்பதை 1973இல் ஹென்றி ஸ்மால் ஒரு முறையாகவே வகுத்தார்.

பெயர்தான் இங்கே பெரும்பாடு படுத்தும். வெப் ஆஃப் சயின்ஸில் பழைய நூல்களுக்கென்று தனிப் பதிவு பெரும்பாலும் இருக்காது. ஆனால் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் அவை வந்திருந்தால், ‘சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்’ என்ற பகுதியில் ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் இட்டுப் பிடிக்கலாம். ஒரே நூல் பல வரிகளாகச் சிதறிக் கிடக்கும்: ஒருவர் ஆண்டைத் தவறாக எழுதியிருப்பார், இன்னொருவர் பக்க எண்ணைச் சேர்த்திருப்பார். மேலை நாட்டுக் குடும்பப் பெயர் முறை தமிழ்ப் பெயரைப் பந்தாடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமாயிருந்த தனிநாயகம் அடிகளாரையே தேட வேண்டுமானால், ‘தனிநாயகம்’ என்று ஒட்டியும், ‘தனி நாயகம்’ என்று பிரித்தும், ‘நாயகம்’ என்ற பாதியை மட்டும் இட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்தையும் தேடி, பொருந்தும் எல்லா வரியிலும் குறியிட்ட பிறகுதான் முழுப் பட்டியல் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய இடைவெளி மிஞ்சும். ஸ்கோப்பஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் தமிழில் எழுதப்பட்ட ஆய்வு மிகக் குறைவு. மலேசியாவின் சொந்த மேற்கோள் தரவுத்தளமான ‘மைசைட்’ உள்நாட்டு ஆய்விதழ்களுக்காகவே அமைந்தது. இந்நாட்டவர் எழுதியதை அதிலும் தேட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ்ப் பேராய்வு ஆய்விதழ்’, உப்சி எனப்படும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் ‘வளர்தமிழ்’ ஆகியவற்றை அவற்றின் தளங்களிலேயே போய்ப் பார்க்கலாம். அங்கெல்லாம் எண்ணிக்கையை நம்பாமல் ஒவ்வொரு கட்டுரையின் துணைநூற்பட்டியலையும் கண்ணால் படிப்பதே வழி. அதற்குத் தமிழில் எழுதுகிறவர்களும் உதவ வேண்டும். ‘ஓர் ஆய்வாளர் கூறுகிறார்’ என்று எழுதிவிட்டுப் போனால் அந்த ஆய்வாளரை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் வேண்டும்.

யோங் பெங்கில் உட்கார்ந்துகொண்டே எவ்வளவு செய்யலாம்? கூகுள் ஸ்காலரும் 2022இல் தொடங்கிய ‘ஓப்பன்அலெக்ஸ்’ஸும் எல்லோருக்கும் இலவசம். ஜேஸ்டோரில் இலவசமாகப் பதிந்துகொண்டவர் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். ராயல் ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழும் அங்கே உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள் அதன் இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பழைய நாளிதழ்ச் செய்திகளுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ போதும். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டும் நூலகங்களின் வழியாகத்தான் முழுதாகத் திறக்கும். ஆயர் ஹீத்தாமைத் தாண்டிப் பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கோ வேறெங்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவருடைய நூலகக் கணக்கில் எந்தத் தரவுத்தளங்கள் உண்டு என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே தேடலாம். தேட உட்காரும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். தொடக்க நூலின் தலைப்பு, ஆண்டு, ஆசிரியர் பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அதில் எழுதிவைத்துக்கொண்டால், தரவுத்தளத்தின் முன் செலவிடும் நேரம் முழுவதும் தேடலுக்கே கிடைக்கும்.