சிலந்திக்கடிப் புண்: எது தானாக ஆறும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கம்பம், சுருளிப்பட்டி பக்கம் திராட்சைப் பயிற்சிக்குப் போனால், சாம்பல் நோய், கவாத்து பற்றிய கேள்விகள் முடிந்த பிறகு யாராவது ஒருவர் தனியாக வந்து காலைக் காட்டுவார். "சார், எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு. பத்து நாளாப் புண்ணு ஆறல" என்பார். "பூச்சியப் பார்த்தீங்களா?" என்று கேட்டால், "இல்ல சார், காலையில எந்திரிச்சுப் பார்த்தா இப்படி இருந்துச்சு" என்று பதில் வரும்.

கடித்ததைப் பார்க்காமலே சிலந்திக்கடி என்று பெயர் வைத்துவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. உண்மையான சிலந்திக்கடி பெரும்பாலும் தானாக ஆறிவிடும். சிலந்திக்கடி என்று நினைத்துப் பச்சிலை கட்டிக்கொண்டு காத்திருக்கும் வேறு சில கடிகள்தான் உயிரை எடுக்கின்றன. நான் பூச்சியியல் படித்தவன். வைத்தியம் டாக்டரின் வேலை. ஆனால் எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தோட்டத்துச் சிலந்திகள்

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஆனால் அது பூச்சிகளை மயக்குவதற்கான விஷம். பெரும்பாலான சிலந்திகளின் பல் நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. வீட்டுச் சுவரில் தட்டையான வெள்ளை முட்டைப் பையைச் சுமந்துகொண்டு ஓடும் பெரிய சிலந்தியைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறோம். அது கரப்பான் பூச்சியைத் தின்று வாழ்வது. கடித்தால் வலிக்குமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை.

இலையை மடித்து அதற்குள் பட்டுப் பை கட்டி வாழும் வெளிர் மஞ்சள் சிலந்தி ஒன்று உண்டு. இலை பறிக்கும்போது கையில் நசுங்கினால் கடிக்கும். குளவி கொட்டியது போல எரியும், சிவக்கும், வீங்கும். சில நாட்களில் அடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச் சிலந்தி கடித்தால் புண்ணைவிடத் தசைப்பிடிப்புதான் அதிகம். அதற்குக் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தோலை அழுக வைக்கும் சிலந்தி என்று உலகம் முழுவதும் பேசப்படுவது 'லாக்ஸோசெலிஸ்' என்ற பழுப்பு நிறச் சிலந்தி. வட, தென் அமெரிக்க நாடுகளில் இது பெரிய பிரச்சினை. இந்தியாவில் மிகச் சில இடங்களில்தான் பதிவாகியுள்ளது.

புண் எப்படி வளர்கிறது, எப்படி ஆறுகிறது?

பழுப்புச் சிலந்தியின் விஷத்தில் உள்ள ஒரு நொதி, தோலின் உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கிறது. அந்த இடத்துச் சிறிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிறது. தண்ணீர் போகாத வாய்க்கால் கடைமடைப் பயிர் போல, ரத்தம் போகாத தோல் கருகுகிறது. இதற்கு ஒரு நாள் கணக்கு உண்டு.

முதல் நாள்: கடித்தது பெரும்பாலும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வலியும் எரிச்சலும் வரும்.

இரண்டு, மூன்றாம் நாள்: நடுவில் நீலம் பாய்ந்து, சுற்றி வெளுத்து, அதற்கு வெளியே சிவந்திருக்கும். சிறு கொப்புளமும் வரலாம். பல கடிகள் இந்தக் கட்டத்திலேயே நின்று ஆறிவிடும்.

ஒரு வாரம்: ஆறாத கடியில் நடுப்பகுதி கருத்து, காய்ந்த பொருக்காகும்.

இரண்டு, மூன்று வாரம்: பொருக்கு உதிர்ந்து, அடியில் சிவந்த புது சதை தெரியும். ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து மூடும். முழுவதும் ஆற ஒன்று முதல் இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

பொருக்கைப் பிய்த்தால் ஆறும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடித்த சில நாட்களுக்குள் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ விஷம் ரத்தத்தில் பரவியிருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகளுக்கு இது அதிக ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிலந்தி இல்லாமல் வரும் 'சிலந்திக்கடி'

கட்டுவிரியன்: இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. வயிற்று வலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

குழிவிரியன்: ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது. கடித்த இடம் வேகமாக வீங்கி, ரத்தக் கொப்புளம் வரும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். பாம்பு விஷம் ரத்தத்தைக் கெடுத்திருந்தால் இந்தச் சோதனையில் தெரிய வரும்.

உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்): புதர், புல் வரப்பில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பீடி சுட்டது போல வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கும். கூடவே விடாத காய்ச்சலும் தலைவலியும் இருக்கும். மழைக்காலம் முடிந்த குளிர் மாதங்களில் அதிகம். டாக்டர் கொடுக்கும் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் பாதித்து உயிர் போகலாம். காய்ச்சலுக்குப் போகும்போது உடம்பில் பொருக்கு இருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்கி: உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளம். இது வைரஸ், பூச்சியின் எச்சமோ சிறுநீரோ அல்ல. காவி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதினாலும் மூன்று நாட்களுக்குள் டாக்டரைப் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்யும்.

இவை தவிர, நாம் 'சிலந்திக்கடி' என்று காட்டும் புண்களில் பல, சிறு கீறலில் கிருமி நுழைந்து வந்த சீழ்க்கட்டிகள்.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.
2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.
3. கை, காலை அசைக்காமல் சற்று உயர்த்தி வையுங்கள். பாம்பாக இருக்குமோ என்று சிறு சந்தேகம் இருந்தால் உயர்த்தாதீர்கள். அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.
4. டி.டி. ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.
5. புண்ணின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, தேதி எழுதுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள்.

செய்யக் கூடாதவை

கீறுவது, உறிஞ்சுவது, சூடு வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 2012-இல் அசாம் மாநிலம் சாதியாவில் சிலந்திகள் கூட்டமாகக் கடித்ததாகப் பரபரப்பு எழுந்து, இருவர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை; எனவே சிலந்தி விஷம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை. கடிபட்ட பலர் முதலில் மந்திரவாதியிடம் போய்ப் பிளேடால் கீறிக்கொண்டது மட்டும் செய்தியில் வந்தது. அந்தக் கீறல் வழியாகக் கிருமி ஏறினாலே உயிருக்கு ஆபத்துதான்.

திறந்த புண்ணோடு மருந்தடிக்கப் போகாதீர்கள். நல்ல தோலைவிடப் புண் வழியாகப் பூச்சிக்கொல்லி வேகமாக உடம்பில் ஏறும். புண் மூடும் வரை வீட்டில் வேறு ஒருவர் அந்த வேலையைப் பார்க்கட்டும்.

வருமுன் காக்க

கவாத்து செய்யும்போதும் வாழைச் சருகு அறுக்கும்போதும் கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள். கொட்டகையில் கிடக்கும் சாக்கு, செருப்பு, சட்டையை உதறிவிட்டு எடுங்கள். கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தால் சிலந்தி மட்டுமல்ல, கட்டுவிரியனும் அண்டாது.

இதைப் படித்துவிட்டுச் சிலந்தியைக் கொல்ல யாரும் மருந்தடிக்க வேண்டாம். நெல் வயலில் தத்துப்பூச்சியைத் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்வது அதுதான். பார்க்காத பூச்சியின் மேல் பழியைப் போடாமல், புண்ணின் நாள் கணக்கைப் பாருங்கள். கணக்கு தப்பினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.