மணமில்லாத விஷம்! ஆலை மூடினாலும் அகலாத பாதரசம்

கலூர்
(நமது நிருபர்)

ஊரில் நாம் பழைய இரும்புக் கடை என்பதை இங்கே ஆக்கிரிக் கடை என்கிறார்கள். கொச்சியில் நம்மவர்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. அன்று டூட்டி முடிந்து திரும்பும்போது, கலூரில் ஒரு கிடங்கினுள் தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பழைய டியூப் லைட்டுகளை உடைத்து, முனையிலுள்ள அலுமினிய மூடிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அவருடைய தூக்குச்சட்டி.

"வெளியே வைத்து உடைக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி? புகை இல்லை, வாசனைகூட இல்லையே!" என்றார்.

அபாயமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு டியூப்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. அது கொதிக்க வேண்டியதில்லை. சாதாரண வெயிலிலேயே நிறமும் மணமும் இன்றி ஆவியாகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆவி இரு மடங்குக்கு மேல் ஆகும். காலையில் குறைவாக இருக்கும் அதே கிடங்கில் நடுப்பகலில் கூடுவது இதனால்தான்.

கணக்குப் பாருங்கள்

காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 1 மைக்ரோகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பத்தடி நீள, அகல, உயரமுள்ள மூடிய அறையில் ஒரே ஒரு மில்லிகிராம் ஆவியானால் 35 மைக்ரோகிராம் ஆகிவிடும்!

கொடைக்கானல் பாடம்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை மறந்திருக்க மாட்டோம். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அங்கேயும் பழைய சாமான் கிடங்கில்தான் அகப்பட்டது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணில் கலந்தது மண்ணிலேயே இருந்தது. வெயில் பட்டால் அது மறுபடி காற்றில் ஏறும்; மழையில் இறங்கும். அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரப்பாசிகளைச் சோதித்தபோது, 20 கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள பேரிஜம் பகுதியிலும் பாதரசம் தென்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஹிந்துஸ்தான் யூனிலீவருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல்தான். இடையில் பதினைந்து வருடங்கள்!

நம் பக்கத்து ஏலூரிலும் திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ் ஆலை ஒரு காலத்தில் பாதரசக் கலங்களைக் கொண்டே காஸ்டிக் சோடா தயாரித்தது. பின்னர் பாதரசம் தேவைப்படாத முறைக்கு மாறியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்றது. பெரிய ஆலைகள் கைவிட்டு வரும் பாதரசம், எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் கழித்துப் போடப்பட்ட டியூப்புகளாக இப்போது சிறிய கிடங்குகளுக்கு வந்து சேருகிறது. சட்டப்படி அவை அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போக வேண்டியவை.

செய்ய வேண்டியவை

டியூப்பை உடைக்காமல் முழுதாகவே கைமாற்றுங்கள். தவறி உடைந்தால் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நில்லுங்கள். துடைப்பம் போடாதீர்கள், கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் போடுங்கள். வேலை இடத்தில் உண்ணவும் உறங்கவும் வேண்டாம்.

கை நடுக்கம், தூக்கமின்மை, ஈறு வீக்கம் கண்டால் டாக்டரிடம் நோயை மட்டும் சொல்லாமல், செய்யும் வேலையையும் சொல்லுங்கள்.

மறுநாள் அவ்வழியே போனேன். தம்பி டியூப்புகளை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். உடைப்பதை இன்னும் விடவில்லை. தூக்குச்சட்டி மட்டும் எட்டத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. மூடி ஒன்றுக்குக் கிடைக்கும் காசை விட்டுவிட அவருக்கு மனம் வர வேண்டும். முழு டியூப்புக்கு விலை கொடுக்க முதலாளிக்கும் மனம் வர வேண்டும்.