மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும் ஒரு தொழில்

அறிவு வளர்ச்சி தாமதித்த பிள்ளையோடு இடம்பெயர்ந்த பெற்றாருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. தாம் கண்மூடிய பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதே அது. சொந்த ஊரில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது. ஆட்டை மேய்ச்சலுக்குக் கொண்டு போனது; மாட்டுக்கு வைக்கோல் போட்டது. கிணறும் ஒழுங்கையும் அயலவர் முகங்களும் அதற்குப் பழக்கம். இடம்பெயர்ந்த அன்றே அவை எல்லாம் போய்விட்டன. முகாமில் சமைத்த உணவு பொதியாக வந்தது. பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. தெரிந்த வேலையும் மறந்து போனது.

பதினைந்து, பதினாறு வயதானதும் “இனி இது என்ன படிக்கப் போகிறது” என்று கைவிட்டு விடுகிறோம். தொழில் பழக்க வேண்டிய வயதே அதுதான்.

1972 இல் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிவு வளர்ச்சி பெரிதும் குன்றியவர்களுக்கு அவர் சைக்கிள் பிரேக் ஒன்றைப் பூட்டப் பழக்கினார். அதில் 15 பாகங்கள் இருந்தன. அதன் பின் 24 பாகங்கள் கொண்ட இன்னொரு பிரேக்கையும் பழக்கினார். ஒரு பகுதியினருக்குக் கொடுத்த பாகங்களில், பூட்டும்போது தம்மை நோக்கி இருக்க வேண்டிய பக்கத்துக்கு மட்டும் சிவப்பு நிறம் பூசியிருந்தார். அவர்கள் மற்றவர்களை விட விரைவாகக் கற்றார்கள். பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால், நாம் காட்டும் முறையை மாற்ற வேண்டும் என்பதே அவர் கண்ட பாடம்.

இந்த முறையை நமது வளவிலேயே செய்து பார்க்கலாம். நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலையை எடுத்துக் கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. பிள்ளைக்கோ ஆறு வேலைகள்.

1. பையின் வாயைத் திறத்தல்.
2. விளிம்பை வெளியே மடித்தல்.
3. சிரட்டையால் மண் கலவையை அள்ளிப் போடுதல்.
4. பையை நிலத்தில் தட்டி மண்ணை இறுக்குதல்.
5. அடையாளக் கோடு வரை மீண்டும் நிரப்புதல்.
6. வரிசையில் வைத்தல்.

முதல் ஐந்தையும் நாம் செய்து, கடைசி வேலையை மட்டும் பிள்ளையிடம் விடுவோம். பை வரிசையில் ஏறியதும் வேலை முடிந்த மகிழ்ச்சி பிள்ளைக்குக் கிடைக்கும். அது பழகிய பின் ஐந்தாவதையும், பிறகு நான்காவதையும் கொடுப்போம். முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்விப்போம்; அடுத்து முழங்கையைத் தொட்டால் போதும்; பின்னர் விரலால் காட்டினால் போதும்; இறுதியில் நாம் பேசாமல் நிற்போம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். தாய் “அள்ளு” என்றும் தமையன் “போடு” என்றும் சொன்னால் பிள்ளை குழம்பும்.

எண்ணத் தெரியாத பிள்ளைக்குப் பத்துக் கட்டங்கள் கீறிய பலகை ஒன்றைக் கொடுப்போம். கட்டங்கள் நிறைந்தால் பத்துப் பை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியில் சிவப்புக் கோடு போட்டால் அளவு தவறாது. கடைக்குப் போகும்போது பழைய சவர்க்கார உறையைக் கையில் கொடுத்து விட்டால், பிள்ளை அதைக் காட்டிச் சரியான சவர்க்காரத்தை வாங்கி வரும்.

தொழிலோடு சேர்த்து, தன்னைப் பார்த்துக் கொள்ளவும் பழக்க வேண்டும். குளித்தல், உடை மாற்றல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக் காலச் சுத்தம் ஆகியவற்றையும் இதே போலப் படிப்படியாகப் பழக்கலாம். தன் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றைச் சொல்லப் பழக்குவோம். பேச்சு வராத பிள்ளையின் சட்டைப் பையில் அவற்றை எழுதி வைப்போம். சனக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டுத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். போர் 2009 இல் முடிந்தாலும் வடக்கில் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் உள்ளன. மண்டையோட்டு அடையாளம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நின்று திரும்ப வேண்டும் என்பதை மற்றப் பாடங்களுக்கு முன் பழக்க வேண்டும். உடம்பில் யாராவது தகாத முறையில் தொட்டால் “வேண்டாம்” என்று கத்தவும், வீட்டில் வந்து சொல்லவும் பழக்க வேண்டும்.

வேலை பழகிய பிள்ளையைக் கூலியில்லாத வேலையாள் ஆக்கிவிடக் கூடாது. நாற்று விற்ற காசில் அதற்கும் ஒரு பங்கு கொடுப்போம். தன் காசில் தனக்கொரு சட்டை வாங்கும் பிள்ளையை அயலவரும் வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக வேலையிலோ கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலோ ஒருவருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதி செய்தது. சமூக சேவைகள் திணைக்களம் இவர்களுக்கெனத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. உங்கள் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள். பிள்ளை செய்யப் பழகிய ஒரு வேலையை அவருக்கு முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முதல், இந்தக் கிழமை வீட்டு வேலைகளில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதை நீங்களே ஒருமுறை மெதுவாகச் செய்து, எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள். கடைசிப் படியை நாளைக் காலை பிள்ளையின் கையில் கொடுங்கள்.