புதர் மண்டிய நிலத்துக்கு எந்த வெட்டுக் கருவி?

இரண்டு வருஷம் உழாமல் போட்டால் போதும். செம்மண் தோட்டமோ கரிசல் காடோ, இடுப்பளவுக்குப் புல்லும் பார்த்தீனியமும் ஏறிவிடும். வேலியோரம் நின்ற சீமைக் கருவேலம் நடுக்காட்டுக்கு வந்துவிடும். நிலத்தைத் திருத்த நினைத்ததும் நம் ஆட்கள் கூப்பிடுவது ஜேசிபியை, இல்லாவிட்டால் ரொட்டவேட்டரை. வெறும் புல்லுக்கும் செடிக்கும் இரண்டுமே தேவையில்லை. ஜேசிபி மேல்மண்ணையும் சேர்த்து வாரிவிடும். ரொட்டவேட்டரிலோ நெடும்புல் தண்டைச் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி இறங்கி அரிவாளால் அறுத்தெடுக்க வேண்டும். கோரை உள்ள நிலமென்றால் இன்னும் மோசம். மண்ணுக்குள் கோத்துக்கிடக்கும் கிழங்குகளை அது பிரித்துக் காடெங்கும் பரப்பும். ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக முளைக்கும்.

மண்ணைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் வெட்டித் தள்ளும் கருவிகள் இருக்கின்றன. டிராக்டரின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டில் பூட்டினால், நிமிஷத்துக்கு 540 சுற்று சுழலும் அந்தத் தண்டு அவற்றை ஓட்டும்.

அவற்றில் எளிமையானது ஸ்லாஷர். ஒரு பெரிய இரும்பு மூடி, அதன் நடுவில் சுற்றைக் கூட்டும் கியர் பாக்ஸ், கீழே படுக்கைவாட்டில் சுழலும் இரண்டு மூன்று பிளேடுகள், அவ்வளவுதான். பிளேடைத் தொட்டுப் பார்த்தால், இதுவா வெட்டப்போகிறது என்று தோன்றும். கனத்த இரும்புப் பட்டை. விளிம்பில் அரிவாளின் கூர்மை கிடையாது. வெட்டுவது கூர்மை அல்ல, வேகம். ஒன்றரை மீட்டர் விட்டத்தில் நிமிஷத்துக்கு 900 முறை சுழலும் பிளேடின் நுனி, மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் செடியை அடிக்கிறது. பிளேடுகள் இறுக்கி முடுக்கப்பட்டவை அல்ல. ஒற்றை போல்ட்டில் தொங்குபவை. சுழலும்போது வெளிப்பக்கம் விரிந்து நிற்கும், கல்லோ கட்டையோ பட்டால் பின்னால் மடங்கிக்கொள்ளும். அதையும் மீறி மாட்டினால், டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்டில் உள்ள ஷியர் போல்ட் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். சிலர் அறுந்த இடத்தில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை மாட்டி ஓட்டுகிறார்கள். அடுத்த முறை உடைவது கியர் பாக்ஸ்தான்.

ஃபிளெய்ல் மோவர் வேறு ரகம்; நம் ஊரில் மல்ச்சர் என்று விற்பவையும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். கிடைமட்ட உருளையில் வரிசை வரிசையாகச் சிறு கத்திகள் தொங்கும். புல்லுக்கு ஒய் வடிவக் கத்தி, குச்சிக்கும் மட்டைக்கும் சுத்தியல் வடிவம். ஸ்லாஷர் கிழித்துப் போடுவதை இது துகளாக்கும். கல்லையும் அவ்வளவு தூரம் தூக்கி எறியாது. தென்னந்தோப்பில் மட்டையை அங்கேயே மூடாக்காக்க வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் விலை கூடுதல், குதிரைத்திறனும் கூடுதலாகக் கேட்கும். ஒரு கத்தி உடைந்தால் எதிர்ப்பக்கக் கத்தியையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உருளை அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். கத்தரிபோல் வெட்டும் நீளப் பல் மோவரும் உண்டு. அது தீவனப்புல்லுக்கு நல்லது, புதருக்கு ஆகாது.

அகலம் முதலில் உங்கள் டிராக்டரைப் பொறுத்தது. பின்சக்கரங்களின் வெளி அகலத்தைவிடக் கருவி குறுகலாக இருந்தால், சக்கரம் மிதித்துச் சாய்த்த புல் அப்படியே கிடந்து மறுநாள் நிமிரும். அடிக்கு 5 ஹெச்.பி. என்பது ஸ்லாஷருக்குப் பொதுக் கணக்கு. இது பி.டி.ஓ.வில் கிடைக்கும் சக்தி, போனட்டில் எழுதியிருக்கும் எஞ்சின் சக்தி அல்ல. பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். தண்டின் பருமனையும் பாருங்கள். லேசான ஸ்லாஷர் ஓர் அங்குலக் குச்சியோடு நின்றுவிடும். இரண்டு, மூன்று அங்குலத்துக்குக் கனரக வகை வேண்டும்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத ஒன்று, ஓவர் ரன்னிங் கிளட்ச். ஒற்றைக் கிளட்ச் கொண்ட பழைய டிராக்டரில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் மட்டும்தான் விலகும். பி.டி.ஓ.வும் சக்கரமும் உள்ளே இணைந்தே இருக்கும். பின்னால் முழு வேகத்தில் சுழலும் கனத்த இரும்பு உடனே நிற்காது. தன் வேகத்தால் டிராக்டரையே முன்னால் தள்ளும். வரப்போரத்தில், கிணற்றோரத்தில் நிறுத்தப் பார்ப்பவருக்கு இது உயிராபத்து. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுமே, அந்த ஃப்ரீவீல் தத்துவத்தில் செய்த சிறு இணைப்புதான் இந்தக் கிளட்ச். பி.டி.ஓ. தண்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மாட்டினால், கருவி தன்பாட்டில் சுழன்று அடங்கும். சில ஸ்லாஷர்களில் கியர் பாக்ஸிலேயே இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

எந்தக் கருவியானாலும் முதலில் காட்டை நடந்து பார்க்க வேண்டும். பழைய முள்கம்பி, சொட்டுநீர்க் குழாய், புல்லுக்குள் மறைந்த போர்க்குழி, எல்லைக்கல் எல்லாவற்றிலும் துணி கட்டிய குச்சி ஊன்றுங்கள். முதல் ஓட்டத்தில் அரையடி உயரம் விட்டு, மெதுவாக வெட்டி, இரண்டாம் ஓட்டத்தில் தாழ்த்துங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வெட்ட வேண்டும். விதை பிடித்தபின் ஓட்டினால் நீங்களே விதைத்ததாகும். சீமைக் கருவேலத்தில் மட்டும் ஸ்லாஷர் தோற்கும். வெட்டிய தூரிலிருந்து நாலு கிளையாக வெடிக்கும், நிற்கும் கட்டை டயரைக் குத்தும். அதை வேரோடுதான் பிடுங்க வேண்டும். அங்கே ஜேசிபியே சரி.

ஸ்லாஷர் அடித்த கல் துப்பாக்கிக் குண்டுக்குச் சளைத்ததல்ல. முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாததை வாங்கக் கூடாது. ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. ஷாஃப்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம் ஊர் வழக்கம். 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று; வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது.

ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்போடு மானியம் உண்டு. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை நாலைந்து ஏக்கர் வெட்டுபவர் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. வேளாண் பொறியியல் துறையிலோ பக்கத்து ஊரிலோ ஒருமுறை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.