பிடித்தவர் படும் பாடு

திருடன் அகப்பட்டுக்கொண்டான். கயிற்றால் கட்டியும் ஆயிற்று. அப்புறம்? கோர்ட்டும் சிறையும் 150 மைலுக்கு அப்பால். நடுவில் காடும் ஆறும். நீங்கள் என்ன செய்வீர்கள்?

1760-களில் அமெரிக்காவில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தென் கரோலினாவின் உட்பகுதியில் குடியேறியவர்களுக்கு இந்தச் சங்கடந்தான். செரோக்கி இந்தியர்களுடன் 1760, 61-ல் நடந்த யுத்தம் ஓய்ந்த பின், கொள்ளைக் கூட்டங்கள் தலைதூக்கின. குதிரைகள் காணாமற்போயின. ஒளித்த பணத்தைக் காட்டச் சொல்லி வீட்டாரைச் சித்திரவதை செய்தார்கள். பெண்களையும் தூக்கிச் சென்றார்கள்.

விசாரணையோ கடற்கரையிலுள்ள சார்லஸ் டவுனில்தான் நடக்கும். 'தொண்ணூற்றாறு' என்று ஓர் ஊர். ஆமாம், ஊரின் பெயரே அதுதான்! அங்கே பிடிபட்டவனை அவ்வளவு தூரம் காவலோடு கொண்டுபோக வேண்டும். வழியில் கூட்டாளிகள் மறித்தால் போச்சு! பொருளைப் பறிகொடுத்தவரும் சாட்சி சொல்லப் புறப்பட வேண்டும். உழவு கிடக்கும்; வீட்டில் மனைவியும் குழந்தைகளும் தனியே இருப்பார்கள். "போனது போகட்டும்" என்று பலர் வாயை மூடிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

மாகாணம் முழுவதற்கும் கைது செய்யும் அதிகாரி ஒருவர்தான். அந்தப் பதவியை வைத்திருந்தவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் கம்பர்லந்து என்ற ஆங்கில நாடகாசிரியர்! அவர் லண்டனில் இருந்தபடியே வருமானம் பெற, சார்லஸ் டவுனில் ஒரு பிரதிநிதி வேலையைப் பார்த்தார். புதுக் கோர்ட்டுகள் வந்தால் அந்த வருமானம் என்னாவது?

1767-ல் தண்டனை பெற்ற கொள்ளைக்காரர்கள் சிலருக்குக் கவர்னர் மன்னிப்பு அளித்துவிட்டார். குடியானவர்களுக்குப் பொறுக்கவில்லை. 'ரெகுலேட்டர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, தாங்களே பிடித்து, தாங்களே சவுக்கால் அடித்தார்கள். கொள்ளையர்கள் ஒடுங்கினார்கள். ஆனால் சவுக்கு அதோடு நிற்கவில்லை. வேலை செய்யாதவர்கள், நடத்தை சரியில்லை என்று பேர் வாங்கிய பெண்கள் முதுகிலும் விழுந்தது. அந்தப் பெண்களுக்காக வாதாட எந்த வக்கீல் இருந்தார்? 1769-ல் இவர்களை எதிர்த்து 'மாடரேட்டர்கள்' கிளம்பி, இரு தரப்பும் ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்கும் வரை போய்விட்டது.

அந்த ஆண்டுதான் சர்க்கார் கண் திறந்தது. நாடகாசிரியருக்கு 5,000 பவுன் கொடுத்துப் பதவியை விலைக்கு வாங்கினார்கள். மாகாணத்தை ஏழு ஜில்லாக்களாகப் பிரித்துக் கோர்ட்டும் சிறையும் கட்டச் சட்டம் வந்தது. கட்டி முடித்து நீதிபதிகள் வந்து உட்கார 1772 ஆகிவிட்டது. தொண்ணூற்றாறு ஊரிலும் ஒரு கோர்ட்டு. இனித் திருடனைக் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓட வேண்டியதில்லை.